வலவனும் வானவூர்தியும்

சங்க நூல்களைக் கற்போர் புறநானூற்றின் 27ஆம் பாட்டை மறவார். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடிய அப்பாட்டு, புலவர் பாடும் புகழுடையோர் தாம் செய்யத்தக்க நல்வினைகளைச் செய்து முடித்தபின், ஓட்டுவார் எவருமின்றித் தானே செல்லும் வானவூர்தியை எய்துவர் என்று கூறுகின்றது. பிற்காலத்தெழுந்த சீவக சிந்தாமணியோ வேறொரு காட்சியைத் தருகின்றது. ஆங்கே சச்சந்த மன்னன் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்து, அதனை எழுப்பவும் இறக்கவும் தன் தேவி விசயைக்குப் பயிற்றுகின்றான். முன்னைய ஊர்திக்கு வலவன் வேண்டா. பின்னைய ஊர்தி பயிற்சி பெற்றார் கைக்கே அடங்கும். இரண்டும் புலவர்தம் கற்பனையே எனினும், இவற்றிடையே கிடக்கும் வினா கற்பனையன்று. வானிற் செல்லும் பொறி தானே செல்ல வல்லதாயின், அதில் மனிதனுக்கு என்ன வேலை?

இவ்வினாவை என்னிடம் எழுப்பியவள் ஒரு மாணவி. ஊவா மாகாணத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் யான் தமிழும் வரலாறும் படிப்பித்து வருகின்றேன். 2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இந்திய வான்படை விமானி சுபான்சு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து புவிக்குத் திரும்பிய செய்தி வானொலியில் வந்ததற்கு மறுநாள், மேற்கூறிய புறப்பாட்டினை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி எழுந்து, விண்வெளியிற் காற்று இல்லை என்று விஞ்ஞானப் பாடத்திற் படித்ததாகவும், காற்று இல்லாத இடத்தில் இறக்கைக்குப் பயனில்லையே என்றும், அவ்வாறாயின் விமானம் ஓட்டுபவரைத் தேடிப் பிடித்து அங்கே அனுப்புவது ஏன் என்றும் கேட்டாள். அன்று யான் அவளுக்குத் தக்க விடை கூறினேனல்லேன். மணி அடித்தது, அதனைச் சாட்டாகக் கொண்டு வெளியேறினேன். கலைப்பட்டதாரியாகிய எனக்கு அவ்வினா எளிதாயில்லை. பின்னர் தேடிக் கற்றவற்றை, அவளுக்கும் அவள் போன்றோர்க்கும் உரிய விடையாக ஈண்டு எழுதத் துணிந்தேன். அவ்விடையை விளங்கவைக்க இராகேஷ் சர்மா என்னும் இந்திய விமானியின் வாழ்க்கையினும் தக்க எடுத்துக்காட்டு வேறில்லை.

முதற்கண் இடத்தின் தன்மையை அறிதல் வேண்டும். பதுளை மக்கள் நாடோறும் அண்ணாந்து நோக்கும் நமுனுகுலை மலையின் முடி கடல் மட்டத்திலிருந்து 2,036 மீற்றர் உயர்ந்தது. பயணிகள் விமானங்கள் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் உயரத்திற் பறக்கின்றன. போர்விமானங்கள் அதனினும் மேலே, பதினேழு பதினெட்டுக் கிலோமீற்றர் வரை செல்லும். அதற்கப்பால் மேலே செல்லச் செல்ல, இறக்கையைத் தாங்கும் காற்று குறைந்துகொண்டே போகும். 100 கிலோமீற்றர் உயரத்தையே விண்வெளியின் தொடக்கம் எனப் பலரும் ஏற்றுக்கொண்டுள்ளனர். விண்கலங்கள் சுற்றிவரும் பாதையோ அதனினும் மும்மடங்கு உயரத்தில் உள்ளது. பதுளையிலிருந்து கொழும்புக் கோட்டை வரை உள்ள இருப்புப்பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர். அப்பாதையைச் செங்குத்தாக நிமிர்த்தி நிறுத்தினால் அதன் மறுமுனை விண்கலத்தின் பாதையை அண்மிக்கும் எனலாம்.

அவ்வுயரத்தில் விண்கலம் விழாது நிற்பது எங்ஙனம்? ஹப்புத்தளை மலைமுகட்டில் நின்று ஒரு கல்லைக் கிடையாக எறிந்தால் அது வளைந்து சென்று கீழே விழும். வேகமாக எறிந்தால் இன்னும் தொலைவிற் சென்று விழும். விநாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேகத்தில் எறிய இயலுமாயின், கல் விழுகின்ற அளவுக்குப் புவியின் பரப்பும் வளைந்து விலகிச் செல்லும். கல் விழுந்துகொண்டேயிருக்கும், ஆயினும் தரையைத் தொடாது. விண்கலத்தின் சுற்றோட்டம் இதுவே. பதுளைப் புகைவண்டி பகல் முழுதும் ஓடிக் கடக்கும் கொழும்புத் தொலைவை விண்கலம் நாற்பது விநாடிக்குள் கடந்துவிடும். அங்கே புவியின் ஈர்ப்பு இல்லை என்பது தவறு. 300 கிலோமீற்றர் உயரத்திலும் தரையில் உள்ள ஈர்ப்பிற் பத்தில் ஒன்பது பங்கு இருக்கின்றது. கலமும் அதனுள் இருப்போரும் ஒருங்கே விழுந்துகொண்டிருத்தலால், ஒருவரும் எடையை உணர்வதில்லை. அவ்வளவே.

இத்தகைய ஊர்தியை இறக்கையாலும் வாலாலும் ஓட்ட இயலாது. சிறு சிறு உந்துபொறிகளைக் கணக்கிட்ட நேரத்தில், கணக்கிட்ட அளவுக்கு எரித்தே அதன் முகத்தைத் திருப்பவும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அக்கணக்கிற் பெரும்பகுதியைப் பொறிகளே செய்கின்றன. 1961 ஏப்பிரல் 12ஆம் நாள் யூரி ககாரின் முதன்முதலாக விண்ணிற் சென்ற வஸ்தோக் கலம் முற்றும் தன்னியக்கமாகவே இயங்கியது. எடையின்மையில் மனித மனம் எவ்வாறு தொழிற்படும் என்பது அன்று எவர்க்குந் தெரியாது. ஆதலால் கைக்கட்டுப்பாட்டை ஓர் இரகசிய எண்ணாற் பூட்டி, அவ்வெண்ணை உறையிலிட்டு வைத்தனர். ககாரின் அதனைத் திறக்க வேண்டி வரவில்லை. புறநானூற்றுப் புலவர் கண்ட வலவன் வேண்டாத வானவூர்தி ஒருவாறு மெய்யாயிற்று என்னலாம். அவ்வாறிருந்தும் சோவியத் ஒன்றியம் தன் முதற் குழுவை வான்படை விமானிகளிலிருந்தே தெரிந்தெடுத்தது. 1959இல் அமெரிக்கா தெரிந்தெடுத்த எழுவரும் படைத்துறைச் சோதனை விமானிகளே.

காரணம் யாது? விமானியிடத்து அவர்கள் நாடியது அவன் பழக்கங்களை. உடல் பல மடங்கு எடையுற்று அழுந்தும்போதும் கண் கருவியை விட்டு அகலாமை; புலன் ஒன்று கூறக் கருவி வேறொன்று கூறுமாயின் கருவியை நம்பும் துணிவு; எத்துணை முறை செய்த செயலாயினும் பட்டியலை வரிசையாகப் பார்த்துச் செய்தல்; பிழை நேர்ந்தால் அலறாது அதனைத் தெளிவாக வானொலியில் அறிவித்தல். போர்விமானிக்கு இவை நாளாந்த ஒழுக்கம். சோதனை விமானிக்கோ இவற்றின் மேலும் ஒன்று வேண்டும். புதிய விமானத்தை அதன் எல்லை வரை படிப்படியாகக் கொண்டுசென்று, அது எங்கே நடுங்கிற்று, எங்கே தாமதித்தது என்பவற்றை மிகையுங் குறையுமின்றி எழுதிக் கொடுப்பவன் அவன். அவன் பொய் எழுதினால் அவனுக்குப் பின் அவ்விமானத்தில் ஏறுவோர் மாள்வர். ஆகவே சோதனை விமானியின் வேலையிற் பாதி வானிலும் பாதி மேசையிலும் நடைபெறுவது எனலாம்.

இனி இராகேஷ் சர்மாவின் வாழ்க்கைப் படிகளை நோக்குவாம். அவர் 1949 சனவரி 13ஆம் நாள் பஞ்சாபின் பட்டியாலாவிற் பிறந்தார். கல்வி பயின்றது ஹைதராபாத்தில். புனித ஜோர்ஜ் இலக்கணப் பாடசாலையும் நிஜாம் கல்லூரியும் அவர் கற்ற இடங்கள். ககாரின் விண்ணிற் சென்றபோது அவர் பன்னிரண்டு அகவைச் சிறுவன். 1966இல், பதினேழாம் அகவையில், புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் வான்படை மாணவராகச் சேர்ந்தார். பள்ளிப் படிப்பு முடித்த இளைஞரைப் பொதுத் தேர்வால் தெரிந்தெடுத்து, அரசின் செலவிலேயே பயிற்றுவிக்கும் நிறுவனம் அது. 1970இல் இந்திய வான்படையின் விமானியாக நியமனம் பெற்றார்.

ஈராண்டு நிரம்புமுன் போர் வந்தது. 1971 டிசெம்பரில் இந்திய–பாகிஸ்தான் போரின்போது அவர் மிக்-21 விமானத்தில் 21 போர்ப்பறப்புக்களை மேற்கொண்டார். அப்பொழுது அவருக்கு அகவை இருபத்திரண்டு. மிக்-21 ஒற்றைப் பொறியும் முக்கோண இறக்கையும் கொண்டது. ஒலியினும் இருமடங்கு வேகத்திற் செல்ல வல்லது. 1963இல் இந்திய வான்படையிற் சேர்ந்து 2025 செப்டெம்பரில் ஓய்வுபெற்ற அவ்விமானம், வேகமாகத் தரையிறங்கும் இயல்பினால் கவனக்குறைவைப் பொறுக்காதது. அதனைச் செலுத்தக் கற்றவர் பின்னர் சோதனை விமானியானார். ஸ்குவாட்ரன் லீடர் பதவிக்கும் உயர்ந்தார். இவற்றில் ஒன்றேனும் விண்வெளியைக் கருதிச் செய்யப்பட்டதன்று. அக்காலத்தில் இந்தியாவுக்குத் தன் மனிதரை விண்ணுக்கு அனுப்பும் திட்டமே இருந்ததில்லை.

வழி வேறொரு திசையிலிருந்து திறந்தது. சோவியத் ஒன்றியம் தன் நட்பு நாடுகளின் விமானிகளை விண்வெளிக்கு அழைத்துச் செல்லும் திட்டத்தை 1978இல் செக்கொஸ்லோவாக்கியரான விளாடிமிர் ரெமெக்கோடு தொடங்கியது. வியட்நாம், கியூபா, மொங்கோலியா முதலிய நாட்டினரும் அவ்வழியே சென்றனர். இந்தியாவும் அழைக்கப்பட்டபோது, வான்படைச் சோதனை விமானிகளைக் கடும் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தி இருவரைத் தெரிந்தெடுத்தனர். ஒருவர் சர்மா, மற்றையவர் அவரினும் மூத்தவரும் பதவியில் உயர்ந்தவருமான விங் கமாண்டர் இரவீஷ் மல்ஹோத்ரா. ஓர் இடத்திற்கு இருவர். 1982 செப்டெம்பரில் தெரிவு அறிவிக்கப்பட்டது.

இருவரும் மொஸ்கோ நகருக்கு அண்மையில் உள்ள விண்மீன் நகரத்துக்கு, ககாரின் பெயர் தாங்கிய பயிற்சி நிலையத்துக்குச் சென்றனர். அங்கே அவர்கள் முதலிற் கற்றது ரஷ்ய மொழியை. கலத்தின் பொத்தான்கள்மேல் எழுதப்பட்டிருந்ததும், பட்டியல்கள் அச்சிடப்பட்டிருந்ததும், ஆபத்தில் ஆணை வருவதும் அம்மொழியிலேயே. போரிற் பறந்தவர், சோதனை விமானியெனப் பெயர் பெற்றவர், தம் முப்பத்து மூன்றாம் அகவையில் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். பகலிற் படிப்பித்து இரவிற் படித்து வெளிவாரிப் பட்டம் பெற்ற என் போன்றோர்க்கு இச்செய்தி நெஞ்சிற்கு நெருக்கமானது. முப்பது கடந்தபின் மாணவனாதல் தலைகுனிவன்று. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவதே தலைகுனிவு. மொழிக்குப் பின்னரே சுழற்பொறியில் உடலை அழுத்திப் பழகுதலும், கலத்தின் மாதிரியுள் அமர்ந்து பிழைகளை வரவழைத்துத் திருத்தப் பழகுதலும், கலம் காட்டிலோ நீரிலோ இறங்கினால் உயிர் காத்தலும் தொடர்ந்தன.

பயிற்சி ஓராண்டு கடந்த நிலையில், 1983 செப்டெம்பர் 26ஆம் நாள், பைக்கனூர் ஏவுதளத்தில் ஒரு விபத்து நேர்ந்தது. சோயூஸ் கலத்தைத் தாங்கி நின்ற உந்துகணை ஏவுமுன்னரே தீப்பற்றியது. உந்துகணை வெடிப்பதற்குச் சில விநாடிகள் முன் உயிர்காப்புக் கோபுரத்தின் சிறு உந்துகணைகள் எரிந்து, இருவர் அமர்ந்திருந்த கூட்டினை மட்டும் பிய்த்தெடுத்து நான்கு கிலோமீற்றர் அளவிற்கு அப்பாற் கொண்டுசென்று இறக்கின. இருவரும் உயிர் தப்பினர். அவருள் ஒருவர் பொறியியலாளர் கெனாடி ஸ்திரெக்கலோவ். ஆறு திங்கள் கழித்து, சர்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் அதே ஸ்திரெக்கலோவ் அமர்ந்தார். இவ்வொரு செய்தியைச் சிந்தித்தாற் போதும். விண்வெளிப் பயணம் விழாவன்று என்பதும், அஞ்சாமை என்பது ஆபத்தை அறியாமையன்று, அறிந்தும் பட்டியலின் அடுத்த வரிக்குச் செல்லுதலே என்பதும் விளங்கும்.

கலத்தின் தலைவர் யூரி மலிஷேவ், சோவியத் வான்படை விமானி. 1980இல் சோயூஸ் டி-2 கலத்தைச் சோதித்தபோது, புதிய தன்னியக்கக் கணிப்பொறி பிழைபட, கையாலேயே கலத்தை விண்நிலையத்தோடு பொருத்தியவர் இவர். 1969 யூலை 20இல் சந்திரனை அணுகியபோது பொறி கொண்டுசென்ற இடம் பாறைகள் நிறைந்ததாயிருக்கக் கண்டு, கட்டுப்பாட்டைத் தாமே ஏற்று வேறிடத்தில் இறக்கிய நீல் ஆர்ம்ஸ்ட்ரோங்கும் முன்னாட் கடற்படை விமானியே. தானே செல்லும் ஊர்திக்கு வலவன் எதற்கு என்ற வினாவின் விடை இங்கே தெளிவாகின்றது. பொறி தவறாதவரை வலவனுக்கு வேலை இல்லை. பொறி தவறும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவன் பதினைந்து ஆண்டுகள் பயில்கின்றான்.

1984 ஏப்பிரல் 3ஆம் நாள் சோயூஸ் டி-11 பைக்கனூரிலிருந்து எழுந்தது. மறுநாள் அது சல்யூத் 7 விண்நிலையத்தைச் சேர்ந்தது. அங்கே கிசிம், சொலோவியோவ், மருத்துவர் ஆட்கோவ் ஆகிய மூவர் முன்னரே வாழ்ந்திருந்தனர். விருந்தினரோடு அறுவராயினர். ஒன்றரை மணிக்கு ஒருமுறை புவியைச் சுற்றியதால், நாளொன்றுக்குப் பதினாறு ஞாயிற்றெழுச்சிகளை அவர்கள் கண்டனர். சர்மாவின் பணிகளுள் முதன்மையானது இந்திய நிலப்பரப்பைப் பன்னிறப் படக்கருவிகளாற் படம்பிடித்தல். காடும் நீர்நிலையும் பனிமலையும் கடற்கரையும் எவ்வாறு பரந்துள்ளன என்பதை அறிதற்கு அப்படங்கள் உதவும். எடையின்மையில் உலோகக் கலவைகள் உறையும் முறையை ஆராய்தலும் அவர் செய்தவற்றுள் ஒன்று.

சைவப் பாரம்பரியத்தில் வந்த நம் வாசகர்க்குச் சுவைதரும் ஆய்வு மற்றொன்று உண்டு. எடையின்மையில் குருதி கால்களிலிருந்து தலைப்பக்கம் ஏறும். உடலைத் தாங்கும் வேலையற்ற தசைகள் மெலியும். இதனைத் தடுக்க விண்நிலையத்தார் ஓடும்பொறியும் மிதிபொறியும் கொண்டு நாடோறும் உடற்பயிற்சி செய்வர். அவற்றிற்கு மாறாக யோகப் பயிற்சி எவ்வளவு உதவும் என்று அறியும்பொருட்டு, சர்மா விண்ணில் யோகாசனங்களைச் செய்தார். அவர் உடல்நிலை அளந்து குறிக்கப்பட்டது. யோகத்தின் பெருமையை மேடையிற் பேசுவார் பலர். அதனை அளவைக்கு உட்படுத்தத் தம் உடலையே அளித்தது வேறொரு பணிவு. சோதனை விமானியின் ஒழுக்கம் ஈண்டும் தொடர்ந்தது என்க.

விண்ணில் இருந்தபோது பிரதமர் இந்திரா காந்தி, மேலிருந்து நோக்க இந்தியா எவ்வாறு தோன்றுகின்றது என்று வினவினார். கவிஞர் இக்பால் இயற்றிய புகழ்பெற்ற நாட்டுப்பாடலின் முதலடியையே சர்மா விடையாகக் கூறினார். இந்தியா முழுதும் தொலைக்காட்சியிற் கேட்டு மகிழ்ந்த அவ்விடையை இன்றும் பலர் நினைவுகூர்வர். ஆயினும் அவ்வொரு விடையாலேயே அவரை அறிந்தோர், அதற்கு முன்னும் பின்னும் உள்ள நெடிய உழைப்பை அறிந்தாரல்லர்.

7 நாள் 21 மணி 40 நிமிடம் கழிந்தபின், 1984 ஏப்பிரல் 11ஆம் நாள் மூவரும் திரும்பினர். தாம் வந்த கலத்தை நிலையத்தில் விட்டு, முன்னரே அங்கு நின்ற சோயூஸ் டி-10 கலத்தில் அவர்கள் இறங்கினர். விண்ணில் நெடுநாள் நிற்கும் கலத்தின் உறுதி குன்றுமாதலால், புதிய கலத்தை நிலையத்தார்க்கு விட்டுப் பழையதில் விருந்தினர் மீளுதல் வழக்கம். காற்றுமண்டலத்தினுள் நுழையும்போது கலத்தைச் சூழ நெருப்பு எரியும். உடலின் எடை பன்மடங்காகத் தோன்றும். பின்னர் குடைமிதவை விரிய, தரைக்கு ஒரு மீற்றர் அளவில் சிறு உந்துகணைகள் எரிந்து அதிர்ச்சியைத் தணிக்கும். கசகஸ்தான் சமவெளியில் அவர்கள் இறங்கினர். சோவியத் ஒன்றியத்தின் வீரர் என்ற பட்டமும் இந்தியாவின் அசோக சக்கர விருதும் சர்மாவுக்கு வழங்கப்பட்டன. உடன்சென்ற சோவியத் வீரர் இருவர்க்கும் இந்தியா அசோக சக்கரத்தை வழங்கியது.

ஈண்டு இரவீஷ் மல்ஹோத்ராவை மறத்தல் ஆகாது. அதே மொழியைக் கற்று, அதே சுழற்பொறியிற் சுழன்று, அதே பட்டியலை மனனஞ் செய்து, இளையவர் விண்ணேறியபோது தரையில் நின்றவர் அவர். மாற்றுக் குழு என்பது வெறும் அலங்காரமன்று. புறப்படும் நாள்வரை எவர்க்கும் நோய் வரலாம். அப்பொழுது மற்றவர் உடனே ஏறவேண்டும். ஆதலால் இரண்டாமவரும் முதல்வர் அளவுக்கே ஆயத்தமாயிருத்தல் வேண்டும். பரீட்சையில் ஒரு புள்ளியால் இடமிழந்த மாணவருக்கு ஆசிரியர் சொல்லத்தக்க வரலாறுகளுள் இதுவும் ஒன்று.

சர்மாவின் பிற்கால வாழ்க்கையும் நோக்கத்தக்கது. விண்ணிலிருந்து வந்தவர் மீண்டும் விமானத்தில் ஏறினார். வான்படையில் விங் கமாண்டராக ஓய்வுபெற்று, 1987இல் இந்துஸ்தான் ஏரோனாட்டிக்ஸ் நிறுவனத்திற் சேர்ந்தார். நாசிக்கிலும் பின்னர் பெங்களூரிலும் தலைமைச் சோதனை விமானியாகப் பணியாற்றினார். 2001இலேயே பறத்தலை விட்டார். எட்டு நாட் புகழை வைத்துக்கொண்டு எஞ்சிய நாளைக் கழிக்காது, மேலும் பதினேழு ஆண்டுகள் தம் தொழிலைச் செய்தார் என்பது அவர் வாழ்க்கையிற் கற்கத்தக்க பகுதி.

போர்விமானம் என்ற சொல் இலங்கைத் தமிழர்க்கு இன்பந் தருவதன்று என்பதை யான் அறிவேன். அதன் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழி புகுந்தோர் இவ்விதழின் வாசகருள்ளும் உளர். விமானியின் திறனை வியக்கும் நாம் அத்திறன் எதற்குப் பயன்பட்டது என்பதையும் கேட்டல் முறை. சர்மாவே போரிற் பறந்தவர். அவரே பிற்காலத்தில், மேலிருந்து நோக்குவார்க்கு எல்லைக்கோடுகள் தோன்றாமை பற்றியும், மனிதர்க்கு உள்ள இவ்வொரே புவியைக் காத்தல் பற்றியும் பலகாற் பேசியிருக்கின்றார். அழித்தற்கும் அளத்தற்கும் ஒரே பழக்கம் பயன்படுமாயின், அதனை எப்பக்கம் திருப்புவது என்பது நாடுகளின் பொறுப்பு.

ஓய்வுக்குப்பின் அவர் வாழத் தெரிந்தெடுத்த ஊர் நீலகிரியில் உள்ள குன்னூர். ஊவா மக்களுக்கு இப்பெயர் அயலன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னார் வழியாகத் தாயகம் திரும்பியோர் எனப் பெயர் பெற்றுச் சென்ற நம் உறவினர் பலர், கண்டறியாத அத்தாயகத்திற் குடியேறிய மலைகள் அவை. அவர்களுக்கு வேலை வழங்கும்பொருட்டு 1968இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களின் தலைமையகமும் குன்னூரிலேயே உள்ளது. புவியை நூற்றுக்கும் மேற்பட்ட முறை சுற்றி வந்தவர் தெரிந்து சென்று அமைந்ததும், தெரிவின்றி அனுப்பப்பட்ட நம்மவர் கொழுந்து பறித்ததும் ஒரே மலைச்சரிவில். இவ்விரு பயணங்களையும் ஒருங்கு எண்ணும்போது என் உள்ளம் அமைதி கொள்வதில்லை.

சர்மாவின் வழியில் இந்தியா மேலும் நால்வரைப் பயிற்றியது. 2024 பெப்ரவரி 27ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அவர்கள் பெயர் அறிவிக்கப்பட்டன: பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்சு சுக்லா. நால்வரும் வான்படைச் சோதனை விமானிகள். அஜித் கிருஷ்ணன் சென்னையிற் பிறந்தவர். குன்னூரை அடுத்த வெலிங்டன் படைத்துறைக் கல்லூரியிலும் பயின்றவர். இவர்களுள் சுக்லா 2025 யூன் 25ஆம் நாள் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, சர்வதேச விண்வெளி நிலையத்தை அடைந்த முதல் இந்தியராகி, யூலை 15இல் மீண்டார். சர்மாவுக்கும் அவருக்கும் இடையே நாற்பத்தோர் ஆண்டுகள்.

சுக்லாவின் கலத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பெண், பெகி விற்சன். அவர் விமானியல்லர், உயிர்வேதியியல் அறிஞர், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விவசாயக் குடும்பத்திற் பிறந்தவர். 1963இல் விண்ணிற் சென்ற முதற் பெண் வலன்ரீனா தெரெஷ்கோவா நெசவாலைத் தொழிலாளியாயிருந்தவர். ககாரின் தச்சரின் மகன்; தாமும் உலோக வார்ப்புத் தொழில் பயின்றவர். 1961 டிசெம்பரில் அவர் இலங்கைக்கு வந்தபோது, தொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒருவனைத்தான் இந்நாடு வரவேற்றது. ஆகவே விண்வெளிக்குரிய குலம் என்றோ ஊர் என்றோ ஒன்றில்லை. உரியது படிவரிசை ஒன்றே.

அப்படிவரிசையை நம் மலைநாட்டில் வைத்து நோக்குதல் வேண்டும். சர்மாவின் வாழ்க்கையில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. நல்ல பாடசாலை, கல்லூரி, அரசு செலவிற் பயிற்சி, படைப்பிரிவு, சோதனை விமானியின் மேசை, விண்மீன் நகரம் என ஒன்றன்பின் ஒன்றாகப் படிகள் இருந்தன. ஒவ்வொரு படியிலும் அடுத்த படி கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தது. அவர் செய்தது ஏறியது. நம் தோட்டங்களில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகள் மிகச் சில. சாதாரண தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் நன்கு சித்தியடைந்த பிள்ளை, அடுத்த படிக்கு நகரம் நோக்கி மலையிறங்க வேண்டும். பேருந்துக் கட்டணத்தையும் மாலையிற் பேருந்து இல்லாமையையும் எண்ணிக் கலைப்பிரிவிலே அமர்ந்துவிட்ட பிள்ளைகளை யான் ஆண்டுதோறும் காண்கின்றேன். அவர்கள் என் வகுப்பிற்கு வந்தது எனக்கு மகிழ்ச்சி. வேறு வழியின்றி வந்தது எனக்கு வருத்தம். பிள்ளைக்குத் திறன் இல்லை என்று கூறுமுன், நடுவில் ஒரு படி இல்லை என்பதை நாம் கூறல் வேண்டும்.

இவ்விதழைப் படிப்போருட் பலர் விஞ்ஞானம் கற்றுப் பொறியியலாளராயும் மருத்துவராயும் ஆசிரியராயும் விளங்குவோர். ஆய்வுகூடத்துக்குச் சில கருவிகளும், சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரமும், மலையிறங்கும் பிள்ளைக்கு ஓராண்டுப் பயணச்செலவும் அவர்கள் வழங்க இயலாதன அல்ல. இல்லாத ஒரு படியை இடுவதற்கு இவை போதும். ஏறுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வர்.

வினாவெழுப்பிய மாணவிக்கு அடுத்த தவணையில் என் விடையைக் கூறினேன். இறக்கை அங்கே பயன்படாது என்று நீ கூறியது சரி. விமானியை அழைத்துச் செல்வது அவன் கற்ற கவனத்துக்காகவும், கண்டதைக் கண்டவாறு கூறும் நேர்மைக்காகவுமே என்றேன். அவள் சற்று எண்ணி, அவ்விரண்டையும் விமானம் இல்லாமலே கற்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன். இம்முறை மணி அடிக்கும்வரை காத்திராமல் விடை சொன்னேன். அவள் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றாள். அதன்பின் விஞ்ஞானம் படிக்க விரும்புகின்றாள். அவளுக்கு அடுத்த படி எங்கே உள்ளது என்பதற்கு மட்டும் என்னிடம் இன்னும் விடையில்லை.